சிறிய மீன்பிடிப் படகுக்கு மோட்டாரும் மின்சாதனங்களும் தேர்ந்தெடுப்பது எப்படி?

மோட்டார் வாங்கப் புறப்படுகிறவர் பெரும்பாலும் முதலில் கேட்பது எத்தனை குதிரைத்திறன் வேண்டும் என்பதைத்தான். ஆனால் அதற்கு முன்பே இரண்டு அளவுகள் கையில் இருக்க வேண்டும்: ஆள், வலை, பனிக்கட்டி, எரிபொருள் அனைத்தும் ஏறிய பிறகு படகின் மொத்த எடை எவ்வளவு என்பது ஒன்று, மோட்டார் தொங்கும் பின்பலகையின் உயரம் எவ்வளவு என்பது மற்றொன்று.

படகைக் கட்டியவர் அதிகபட்சக் குதிரைத்திறனையும் சுமையையும் குறித்திருந்தால், அந்த வரம்பை எக்காரணத்துக்காகவும் தாண்டக் கூடாது; அதிக எடையுள்ள மோட்டார் பின்புறத்தை அமிழ்த்துவதோடு, நாளடைவில் பின்பலகையையே விரிசல் விடச் செய்யும். அதற்காக மிகவும் சிறியதை வாங்குவதும் சிக்கனம் ஆகாது. எப்போதும் முழு வேகத்திலேயே ஓட வேண்டிய மோட்டார் எரிபொருளையும் அதிகம் குடிக்கும், எதிர்நீரோட்டத்தில் கரை திரும்பும்போது கைகொடுக்கவும் செய்யாது. வரம்பின் முக்கால் பங்கை ஒட்டிய திறன் பெரும்பாலான சிறிய படகுகளுக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

பின்பலகையின் உயரத்தை அதன் மேல் விளிம்பிலிருந்து படகின் அடிப்பகுதி வரை, நடுவில் அளக்க வேண்டும். மோட்டாரின் தலையிலிருந்து நீருக்குள் இறங்கும் பகுதியே தண்டு. பின்பலகை ஏறத்தாழ 15 அங்குலமாக இருந்தால் குட்டைத் தண்டு, 20 என்றால் நீளத் தண்டு, 25 என்றால் மிக நீளத் தண்டு. சரியாகப் பொருத்திய மோட்டாரில், விசிறிக்கு (புரொப்பல்லர்) மேலே இருக்கும் கிடைமட்டத் தகடு படகின் அடிமட்டத்துக்கு நேராகவோ, ஓர் அங்குலம் வரை கீழாகவோ நிற்கும். தகடு அதிகம் உயர்ந்தால் விசிறி காற்றை உள்ளிழுத்து, உந்துவிசை இன்றி வெறுமனே சுழலும். அதிகம் தாழ்ந்தால் நீரின் இழுவை கூடி வேகம் குறையும். விசிறியும் படகுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். வழக்கமான சுமையோடு முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்கும்போது, மோட்டாரின் கையேடு குறிப்பிடும் சுழற்சி வரம்பை அது எட்டவில்லை என்றால் விசிறியின் பிட்ச், அதாவது ஒரு சுழற்சியில் அது முன்னேறக்கூடிய தூரம், அதிகம் என்று பொருள். பிட்சை ஓர் அங்குலம் குறைத்தால் நிமிடத்துக்கு ஏறத்தாழ 150 முதல் 200 சுழற்சிகள் கூடும்.

மெதுவாக நகர்ந்து தூண்டில் போடுவதற்கென மின்மோட்டார் வைக்க விரும்பினால், அதன் உந்துவிசை பவுண்டில் சொல்லப்படும். சுமையோடு கூடிய எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் குறைந்தது 2 பவுண்டு உந்துவிசை என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. 700 கிலோ எடையுள்ள படகுக்கு 31 பவுண்டு போதும் என்று அக்கணக்கு சொன்னாலும், காற்றும் நீரோட்டமும் இருக்கும் இடத்தில் 45 அல்லது 55 பவுண்டு மோட்டாரே மன நிம்மதி தரும்.

அத்தகைய 55 பவுண்டு மோட்டார் 12 வோல்ட்டில் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியைத் தேர்ந்தெடுக்க இந்த எண்ணிலிருந்தே தொடங்க வேண்டும். பேட்டரியின் கொள்ளளவு ஆம்பியர்-மணியில், அதாவது மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கிச் சொல்லப்படும். 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் அதன் ஆயுள் விரைவில் தேய்ந்துவிடும். எனவே முழு வேகத்தில் ஒரு மணி நேரம்கூட நிம்மதியாக ஓட்ட முடியாது. வேகத்தைக் குறைத்தால் மின் இழுவை மிக வேகமாகக் குறைவதால், நடைமுறையில் அதே பேட்டரி பல மணி நேரம் உழைக்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் கொள்ளளவின் பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம், எடையும் பாதிக்கும் குறைவு. ஆனால் அதற்கு உரிய சார்ஜர் கட்டாயம். இயந்திரத்தைக் கிளப்பும் பேட்டரியை இந்த வேலைக்கு ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது. அது சில நொடிகளுக்குப் பெரும் மின்னோட்டம் தருவதற்காகச் செய்யப்பட்டது. அதைத் தனியாக வைத்துக்கொண்டால், நாள் முழுதும் மீன்பிடித்த பிறகும் இயந்திரம் கிளம்பும்.

மோட்டாருக்கும் பேட்டரிக்கும் தாராளமாகச் செலவழித்துவிட்டு, வயரில் சிக்கனம் பார்ப்பதையே பலரும் செய்கிறார்கள். பேட்டரி பின்புறமும் மின்மோட்டார் அணியத்திலும் (முன்முனை) இருந்தால், வயரின் நீளத்தைப் போகவும் வரவும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். இடைத்தூரம் 3 மீட்டர் என்றால் வயர் 6 மீட்டர். அதில் 50 ஆம்பியர் பாயும்போது, 6 சதுர மில்லிமீட்டர் வயரில் ஏறத்தாழ 0.9 வோல்ட் வழியிலேயே தொலைந்து வெப்பமாகிவிடும். 16 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.35 வோல்ட்டை ஒட்டி நிற்கும். முக்கியமான இணைப்புகளில் இழப்பு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது படகு மின்னமைப்பில் ஏற்கப்பட்ட நெறி. அதன்படி 12 வோல்ட்டுக்கு 0.36 வோல்ட்டே எல்லை.

வயர் வெள்ளீயம் பூசிய பல இழைத் தாமிரமாக இருக்கட்டும். பூச்சு இல்லாத தாமிர இழைகளுக்குள் உப்பு ஈரம் ஊர்ந்து போகும். மேலுறை புதிது போலத் தெரியும்போதே, சீவிப் பார்த்தால் உள்ளே இழைகள் கறுத்து, தொட்டால் உதிரும் நிலையில் இருக்கும். முனைகளை அழுத்திப் பொருத்தி, பசை உள்ள வெப்பச் சுருக்கக் குழாயால் மூடுவது நல்லது. ஃபியூஸோ சர்க்யூட் பிரேக்கரோ பேட்டரியின் நேர்முனைக்கு மிக அருகில், 18 சென்டிமீட்டருக்குள் அமையட்டும். அது காப்பது சாதனத்தை அல்ல, வயரையே. ஆகவே அதன் அளவு வயர் தாங்கும் மின்னோட்டத்தைத் தாண்டக் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் தங்கும். எனவே எரிபொருள் தொட்டி இருக்கும் மூடிய இடத்தில் தீப்பொறி எழக்கூடிய சாதாரண சுவிட்ச் எதையும் வைக்காதீர்கள்.

மீன் காட்டும் கருவி மிகக் குறைந்த மின்சாரமே எடுக்கும். ஆனால் மின்மோட்டாரின் வயரை ஒட்டி அதன் வயர் சென்றால் திரை முழுதும் கோடுகளாக நிரம்பும். வயரைத் தள்ளிப் போட்டும் தீராவிட்டால், அதற்கென ஒரு சிறு பேட்டரி கொடுத்துவிடுவதே எளிய வழி. விளக்குகளைப் பொறுத்தவரை, 1972ஆம் ஆண்டு பன்னாட்டு மோதல் தவிர்ப்பு விதிகளின்படி, 12 மீட்டருக்குக் குறைந்த இயந்திரப் படகு பயணத்தில் எல்லாத் திசையும் தெரியும் ஒரு வெள்ளை விளக்கும், இடப்புறம் சிவப்பு, வலப்புறம் பச்சை விளக்குகளும் காட்டினால் போதும். எல்இடி வகை மின்சாரத்தை நன்கு மிச்சப்படுத்தும்.

அடியில் சேரும் நீரை இறைக்கும் பம்பின் மிதவை சுவிட்சை மட்டும் பிரதான சுவிட்சோடு இணைக்காமல், தனி ஃபியூஸ் வழியாக நேரே பேட்டரியில் இணைக்க வேண்டும். கரையில் கட்டிய படகில் இரவு மழைநீர் நிரம்பும்போது, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தாலும் அது தானாக இயங்கும்.

அனைத்தையும் பொருத்திய பின், படகை நீரில் கட்டி வைத்து மின்மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு, பேட்டரி முனையிலும் மோட்டார் முனையிலும் வோல்ட்டை அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருக்கும் இணைப்பை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும்.