சுகன்யா கணக்கில் படிப்புக்கு எடுத்த பணம்: ரிட்டர்னில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் பெண்ணுக்குக் கோவைக் கல்லூரியில் இடம் கிடைத்ததும் பெண் குழந்தைக்கான சேமிப்புத் திட்டமான சுகன்யா (செல்வமகள்) பாஸ்புக் வெளியே வரும். பணம் எடுப்பது சுலபம்தான். வருமான வரி ரிட்டர்ன் போடும்போதுதான் குளறுபடி.

எடுத்த தொகை முழுவதையும் 'இதர வருமானம்' என்று காட்டிவிடுவதுதான் பெரிய தவறு. வருமான வரிச் சட்டத்தின் 10(11ஏ) பிரிவின்படி இந்தக் கணக்கிலிருந்து வரும் பணத்துக்கு வரி கிடையாது. பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டிலும் அப்படித்தான். மார்ச் 31-ல் இருப்பு 6 லட்சம், ஜூலையில் எடுத்தது 1,10,000 என்று வையுங்கள். அந்த 1,10,000 வருமானப் பத்தியில் வரவே கூடாது. நிதியாண்டுக் கடைசியில் பாஸ்புக்கில் ஏறும் வட்டியை மட்டும் வரிவிலக்கு வருமானம் என்ற பகுதியில் எழுதினால் போதும்.

முந்தைய நிதியாண்டு முடிவில் இருந்த இருப்பில் பாதிதான் படிப்புக்கு எடுப்பதற்கு உச்சவரம்பு. அதிலும் ஃபீஸ் ரசீதில் உள்ள அளவுக்கு மேல் கிடைக்காது. 18 வயது நிறைந்திருக்க வேண்டும், அல்லது பத்தாவது தேறியிருக்க வேண்டும். தவணையாக எடுத்தால் ஆண்டுக்கு ஒரு முறை, ஐந்து ஆண்டு வரை. அட்மிஷன் கடிதம், ரசீது நகல்களைப் பத்திரமாக வையுங்கள்.

அடுத்த வழுக்கல், எடுத்த பணத்தை ஃபீஸ் கட்டும்வரை எஃப்.டி.யில் (வங்கி நிரந்தர வைப்பில்) போடுவது. கணக்கை விட்டு வெளியே வந்ததும் விலக்கு போய்விடும்; எஃப்.டி. வட்டிக்கு வரி உண்டு. பத்தாவது முடித்த பெண்ணுக்கு 18 ஆகியிருக்காது. அவள் பேரில் போட்டாலும் வட்டி, பெற்றோரில் யார் வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். அப்பா வளைகுடாவில், அம்மா இங்கே டீச்சர் என்றால்? அப்பா என்.ஆர்.ஐ. (வரிக் கணக்கில் வெளிநாட்டில் வசிப்பவர்) ஆக இருந்தால் அங்கே வாங்கும் சம்பளம் இந்திய மொத்த வருமானத்தில் வராது. ஆகவே, இங்கே அவருக்கு வேறு பெரிய வருமானம் இல்லாவிட்டால், வட்டி அம்மா ரிட்டர்னில்தான் ஏறும். "அவர்தானே அதிகம் சம்பாதிக்கிறார்" என்று விட்டுவிட்டால் நோட்டீஸ் வரலாம். இப்படிச் சேரும் வருமானத்தில் பிள்ளைக்கு 1,500 ரூபாய் என்ற கழிவு பழைய முறையில் மட்டும். டி.டி.எஸ். (வங்கியே பிடித்துக் கட்டும் வரி) யார் பேரில் போக வேண்டும் என்பதை எஃப்.டி. போடும்போதே வங்கியில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். பிறகு திருத்துவது அலைச்சல். 18 முடிந்துவிட்டால் வட்டி அவளுடையது, ரிட்டர்னும் அவளுடையது.

ஃபீஸுக்கு 80சி பிரிவில் வரிக்கழிவு கேட்பவர்கள் கவனிக்க: டியூஷன் ஃபீஸ் மட்டும்தான் செல்லும். ஹாஸ்டல், பஸ், டெவலப்மென்ட் ஃபீஸ், நன்கொடை எதுவும் செல்லாது. கழிவு கேட்பவர்தான் கட்டியிருக்க வேண்டும். மகள் கணக்கிலிருந்து நேராகக் கல்லூரிக்குப் போன பணத்தை அப்பா தன் பேரில் காட்டினால் கேள்வி வரும். சுகன்யாவில் அந்த வருடம் கட்டியதும் டியூஷன் ஃபீஸும் ஒரே 1.5 லட்ச வரம்புக்குள்தான். இதுவும் பழைய முறைக்கு மட்டும்.

மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961 வருமான வரிச் சட்டத்தவை. 2026 ஏப்ரல் 1 முதல் வரும் வருமானத்துக்கு 2025 சட்டம். அதில் எண்கள் வேறு.