பெருநகரத்துக்கு வேலைக்கும் படிப்புக்கும் வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கல்லூரிகள் திறக்கும் நேரம் வந்தால் எனக்கு அழைப்புகள் கூடிவிடும். தோழியின் தங்கை, தெரிந்தவர் வீட்டுப் பையன் என்று யாராவது பெருநகரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்பதுதான் பெரும்பாலானவர்களின் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் எங்கள் தலைமுறை விழுந்து எழுந்த அதே குழிகளில் இவர்களும் வரிசையாக விழுவதைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. பர்ஸ் பத்திரம், கண்டவர்களை நம்பாதே என்பதெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வாடகையை மட்டும் பார்த்து அறை பிடிப்பது

எத்தனை பேரிடம் சொல்லியும் நிற்காத தவறு இது. நினைத்தால் இப்போதும் ஆத்திரம் வருகிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் ஊரிலிருந்தபடியே படங்களைப் பார்த்து ஓர் அறையைப் பேசி முடித்தாள். வேலைக்கு அதுவரை நேர்காணல்கூடப் போகவில்லை. “அக்கா, மத்த இடத்துல கேக்குற வாடகையில பாதிதான். தனி அறை வேற” என்றாள். ரயில் பாதையின் கடைசி நிலையத்தில் இறங்கி இன்னொரு பேருந்து ஏற வேண்டிய இடம் அது. கல்லூரிக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டேன். வரைபடச் செயலியில் ஐம்பது நிமிடம் என்று காட்டியதாம். எப்போது பார்த்தாய் என்றால், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அதற்குள் அட்வான்ஸ் கொடுத்து, ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டாகிவிட்டது.

அப்புறம் வேலை கிடைத்தது, நகரத்தின் மறுகோடியில். காலையில் வருகிற முதல் ரயிலில் கால் வைக்க இடமிருக்காது, அடுத்ததற்கு நிற்க வேண்டும். ஒரு வழிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். இரவு வகுப்பு முடிந்து கடைசி நிலையத்தில் வந்து இறங்கும்போது இணைப்புப் பேருந்து நின்றுபோயிருக்கும். அங்கிருந்து ஆட்டோ. வாடகையில் மிச்சம் பிடித்ததெல்லாம் அதற்கே போனது. முதலில் வகுப்பிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகக் கிளம்ப ஆரம்பித்தாள். பிறகு வாரத்தில் இரண்டு நாள் மட்டம். மூன்றாவது மாதம் படிப்பையே நிறுத்திவிட்டாள். எதற்காக ஊரை விட்டு வந்தாளோ, அதுவே கைவிட்டுப் போனது. அறையை மாற்றலாம் என்றால், ஓராண்டுக்குள் காலி செய்தால் அட்வான்ஸ் திரும்ப வராது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பாருங்கள். போக வர மூன்றரை மணி நேரம், மாதம் 24 நாள் என்றால் 84 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாகக் கணக்கிட்டால் பத்தரை நாள். மாதத்தில் பத்தரை நாள் சம்பளமில்லாமல் உழைப்பது போலத்தான் இது. மனிதர்கள் எந்தக் காலத்திலும் ஒரு நாளைக்குப் போக வரச் சராசரியாக ஒரு மணி நேரத்தைத்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று இத்தாலிய இயற்பியலாளர் செசாரே மார்க்கெட்டி 1994இல் எழுதினார். சராசரிதான், எல்லோருக்கும் அது வாய்க்காது. வேலை மட்டும் பார்க்கிறவர் இரண்டு மணி நேரத்தைக்கூடச் சமாளித்துவிடுவார். வேலையும் படிப்பும் சேர்ந்தவர் அதற்கு மேல் போனால், முதலில் தூக்கம் குறையும், அடுத்து படிப்பு போகும். வேலை போகாது, ஏனென்றால் வாடகை கட்ட வேண்டுமே.

சரி, என்ன செய்யலாம்? முதல் மாதம் எங்கும் நீண்ட ஒப்பந்தம் போடாதீர்கள். மாத வாடகை விடுதி, தெரிந்தவர் அறையில் ஒரு பங்கு, எதுவானாலும் சரி. கொஞ்சம் கூடுதலாகச் செலவானாலும் பரவாயில்லை. வேலை எங்கே என்று தெரிந்த பிறகு அறை தேடுங்கள். தேடும்போது கல்லூரியை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் வேலை ஆறு மாதத்தில் மாறலாம், கல்லூரி இடம் மாறாது. அதோடு, நாளின் கடைசியில் களைத்துப்போய் வெளியே வருவது வகுப்பிலிருந்துதான். அங்கிருந்து அறை பக்கத்தில் இருக்க வேண்டும்.

அறை பிடித்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கிருந்து ஒருமுறை கிளம்பிப் பாருங்கள். இரவு வகுப்பு முடியும் நேரத்தில் திரும்பியும் வாருங்கள். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அங்கே கடை வைத்திருப்பவரைக் கேட்டால் சரியாகச் சொல்வார். விடுதி என்றால் இரவு கதவை எப்போது பூட்டுவார்கள் என்பதைக் கட்டாயம் கேளுங்கள். ஒன்பது மணிக்குப் பூட்டுகிற விடுதி மாலை வகுப்புக்காரருக்கு உதவாது. எத்தனை நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும், பாதியில் காலி செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். குடிபோகும் அன்றே சுவர், குழாய், கதவு எல்லாவற்றையும் படமெடுத்து உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள்.

வேலைக்காகப் பணம் கட்டுவது

கட்டாதீர்கள்.

ஒரிஜினல் சான்றிதழ்களை ஒப்படைப்பது

“சரிபார்த்துட்டுத் தர்றோம், விட்டுட்டுப் போங்க” என்பார்கள். சரிபார்க்க எதிரிலேயே உட்கார்ந்து காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், மூலத்தைக் கையோடு எடுத்து வாருங்கள். சான்றிதழ் அவர்களிடம் மாட்டிக்கொண்டால் சம்பளம் பாக்கியானாலும் வேலையை விட்டு வர முடியாமல் தவிப்பீர்கள். கட்டாய உழைப்பை அடையாளம் காணச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு வகுத்த 11 அறிகுறிகளில், தொழிலாளியின் அடையாள ஆவணங்களைப் பிடித்துவைப்பதும் ஒன்று. அவ்வளவு தீவிரமான விஷயத்துக்கு நம் பிள்ளைகள் கூச்சத்தால் தலையாட்டிவிடுகிறார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொன்னதற்காகவே வேலை இல்லை என்கிற இடத்தில் வேலை பார்க்காமலிருப்பதே நல்லது.

ஊர்க்காரர்களோடு மட்டும் பழகுவது

காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துத் தர அவர்கள் வேண்டும். மறுக்கவில்லை. ஆனால் ஒரே அறையில் இருக்கும் நான்கு பேருக்கும் ஒரே வேலைவாய்ப்புத் தகவல்தான் தெரிந்திருக்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைக் கேட்டதில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி சந்திப்பவர்கள் 16.7 விழுக்காடுதான். எப்போதாவது சந்திப்பவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகவே சந்திப்பவர்கள் 27.8 விழுக்காடு. வகுப்பில் பக்கத்து இருக்கைக்காரர், நூலகத்தில் தினமும் பார்க்கிற முகம், பழைய அலுவலகத்து மேலாளர், இவர்களிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். வேலை தேடுகிறேன் என்று சொல்லிவையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதல் சம்பளம் முதல் மாதமே வரும் என்று நம்புவது

மாத நடுவில் சேர்ந்தால், சம்பளப் பட்டியல் அதற்குள் முடிந்திருக்கும். பல இடங்களில் அந்த நாட்களின் பணத்தை அடுத்த மாதத்தோடு சேர்த்துத்தான் போடுவார்கள். வேலை தேடிய நாட்களையும் சேர்த்தால் மூன்று மாதச் செலவுக்குக் கையில் பணம் வேண்டும். அட்வான்ஸ் இந்தக் கணக்கில் வராது, அது தனி. இவ்வளவு சேரவில்லை என்றால் கிளம்புவதை இரண்டு மாதம் தள்ளிப்போடுங்கள்.

வீட்டில் “நல்லா இருக்கேன்” என்று மட்டுமே சொல்வது

ஒருவரிடமாவது உள்ளதைச் சொல்லிவையுங்கள். அம்மாவிடம் முடியாவிட்டால் அக்காவிடம்.