யாளிக்கு ஒரு தம்பி: சொந்தமாக ஒரு விசித்திர விலங்கை வரைவது எப்படி?

என் அக்காள் மகள் தொடக்கநிலை நான்கில் படிக்கிறாள். சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு பூதத்தை வரைந்து எடுத்துவந்தாள். ஏழு தலை, நான்கு இறக்கை, வாயெல்லாம் நெருப்பு, வால் நுனியில் இன்னொரு வாய். "பயமாக இருக்கிறதா சித்தி?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், வேலை முடியும் நேரத்துச் சிங்கப்பூர் எம்ஆர்டி ரயில் பெட்டியைப் போல இருந்தது. எது யாருடைய கை, எது யாருடைய பை என்றே தெரியவில்லை.

வரையத் தொடங்கும் எல்லாரும் இங்கேதான் தொடங்குகிறோம். பயம் போதவில்லையா, இன்னொரு தலையைச் சேர். இன்னும் போதவில்லையா, பல்லைக் கூட்டு. ஆனால் பல நூற்றாண்டுகளாக மக்கள் மறக்காத விலங்குகளைப் பாருங்கள். அவற்றில் உறுப்புகள் குறைவு. உறுப்பும் உறுப்பும் ஒட்டும் இடத்தில்தான் வேலைப்பாடு அதிகம். அந்த ஒட்டு வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். 2பி பென்சில், அழிப்பான், பதினைந்து வெள்ளைத் தாள்கள், தடித்த கறுப்பு மார்க்கர் இருந்தால் போதும். வரைபலகை வாங்க இப்போதே பிராஸ் பாசா கடைகளுக்கு ஓட வேண்டாம்.

படி 1: முதலில் நின்று பாருங்கள்

வெயில் ஏறுமுன் சவுத் பிரிட்ஜ் சாலைக்குப் போய், மாரியம்மன் கோயிலுக்கு எதிர்ப்புற நடைபாதையில் நில்லுங்கள். 1827இல் தொடங்கிய கோயில் அது. இப்போதிருக்கும் கோபுரம் 1925இல் எழுந்தது. தெய்வங்களைக் கும்பிட்ட பிறகு, ஓரங்களில் நிற்கும் விலங்குகள் பக்கம் கண்ணைக் கொண்டுபோங்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்தே நிமிடத்தில் வரையுங்கள். கண், பல் எதுவும் வேண்டாம். பெரிய வடிவங்கள் மட்டும்.

தென்னாட்டுக் கோபுரங்களின் உச்சியில், இரு முனைகளிலும் வாய் பிளந்த ஒரு முகம் இருக்கும். அதுதான் கீர்த்திமுகம். அதற்கு உடல் கிடையாது. அசுரன் சலந்தரனின் தூதாக வந்த ராகுவை விழுங்கச் சிவனின் நெற்றிக்கண்ணிலிருந்து பிறந்த பூதம் அது என்பது கதை. ராகு சரணடைந்துவிட்டான், பூதத்துக்கோ பசி அடங்கவில்லை. உன்னையே தின்றுகொள் என்று சிவன் சொல்ல, அது தன் உடலை முழுக்கத் தின்று முகத்தை மட்டும் மிச்சம் வைத்தது. ஓர் உருவம் ஏன் இப்படி இருக்கிறது என்பதற்கு இதைவிடக் கச்சிதமான காரணத்தை நான் கேட்டதில்லை. உங்கள் விலங்குக்கும் இப்படி ஒரு காரணம் வேண்டும். அதற்குப் படி 3இல் வருகிறேன்.

அங்கிருந்து ஆற்றோரமாக நடந்தால் சிங்கத் தலையும் மீன் உடலும் கொண்ட மெர்லயன் சிலை. தினமும் கடந்து போவதாலேயே நாம் அதைப் பார்ப்பதில்லை. 1964இல் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துக்காக அந்தச் சின்னத்தை வரைந்த ஃபிரேசர் புரூனர், வான் கிளீஃப் மீன்காட்சியகத்தின் பொறுப்பாளர், மீன்களை ஆராய்ந்தவர். லிம் நாங் செங் செதுக்கிய 8.6 மீட்டர் உயரச் சிலை 1972இல் திறக்கப்பட்டது. பக்கவாட்டில் நின்று, சிங்கம் எங்கே முடிகிறது, மீன் எங்கே தொடங்குகிறது என்று தேடுங்கள். பிடரிமயிர் அலையலையாக இறங்கி அந்த எல்லைக்கோட்டை மூடிவிடுகிறது. இதை நினைவில் வையுங்கள், பிறகு திருடப்போகிறோம்.

படி 2: மூன்று விலங்குகள், ஒரே ஒரு முதலாளி

சீனத்து டிராகனுக்கு ஒன்பது சாயல் என்பார்கள்: மானின் கொம்பு, ஒட்டகத்தின் தலை, பாம்பின் கழுத்து, கெண்டையின் செதில், கழுகின் நகம், புலியின் பாதம், எருதின் காது என்று பட்டியல் நீளும். அத்தனையையும் அடக்கிப் பிடித்திருப்பது பாம்பைப் போன்ற அந்த நீண்ட உடல்தான். கோயில் சிற்பங்களில் வரும் யாளிக்கும் அப்படித்தான். தும்பிக்கை யானையுடையது, உடலோ சிங்கத்துடையது. பாயும்போது அது சிங்கமாகத்தான் பாய்கிறது. வீட்டில் பெரியவர் ஒருவர் இருப்பதுபோல, உடலுக்கு ஒரே ஒரு விலங்கு பொறுப்பாக இருக்கட்டும்.

புதியவர்கள் மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உடலுக்கு ஒன்று, தோலுக்கு ஒன்று, யாரும் எதிர்பாராத ஓர் உறுப்புக்கு ஒன்று. பார்க்க முடிந்த விலங்குகளாகத் தேர்ந்தெடுங்கள். சிங்கத்தையும் கழுகையும் உலகமே வரைந்து முடித்துவிட்டது. நம் கால்வாய்களில் நீர்நாய்க் குடும்பங்கள் நீந்துகின்றன. காட்டோரங்களில் எறும்புண்ணி இருக்கிறது. நூறாண்டுக்கு மேல் இங்கே காணாமற்போயிருந்த இருவாச்சிப் பறவை 1994இல் புலாவ் உபினில் மீண்டும் தென்பட்டது; இன்று அடுக்குமாடிச் சன்னல்களில்கூட வந்து உட்காருகிறது. நானும் அக்காள் மகளும் எடுத்துக்கொண்டவை இவைதாம்: நீர்நாயின் உடல், எறும்புண்ணியின் செதில், இருவாச்சியின் அலகு.

படி 3: அது எதைத் தின்னும்?

சங்கப் பாட்டில் யாளிக்கு ஆளி என்று பெயர். அது யானையையே வேட்டையாடும். பொருநராற்றுப்படை கரிகாலனை எதற்கு ஒப்பிடுகிறது தெரியுமா? தாய்ப்பால் குடிப்பதை இன்னும் விடாத ஆளிக்குட்டி ஒன்று, தன் முதல் வேட்டையிலேயே ஆண் யானையைக் கொன்றதே, அதற்கு. நகம் எவ்வளவு நீளம், பல் எத்தனை என்று புலவர் அளந்துகொண்டிருக்கவில்லை. குட்டியே இப்படியென்றால் தாய் எப்படி இருக்கும் என்று நம்மை நினைக்கவைத்துவிட்டார்.

ஜப்பானியக் கதைகளில் வரும் பாகு என்ற விலங்கு கெட்ட கனவுகளைத் தின்னும். அதற்கும் தும்பிக்கை உண்டு; போக்கிமானில் வரும் டிரௌசி அதன் வழிவந்ததே. அதே விளையாட்டில் ஒன்றுக்கும் உதவாத மாஜிகார்ப் மீன், காரடோஸ் என்ற பெரும்பாம்பாக மாறும். அருவியை எதிர்த்து ஏறி வாசலைத் தாண்டிய கெண்டை டிராகனாகும் என்ற சீனக் கதை அதற்குள் இருக்கிறது.

ஒரு தாளில் மூன்று வரி எழுதுங்கள். எங்கே வாழ்கிறது, எதைத் தின்கிறது, எதற்கு அஞ்சுகிறது. எங்களுடையது பிற்பகல் மழையில் பொங்கும் பெருங்கால்வாயில் வாழ்கிறது. மழை நாளில் காணாமற்போகும் ஒற்றைச் செருப்புகளைத் தின்கிறது. கால்வாயைத் துப்புரவு செய்ய வருபவர்களின் நீண்ட வலைக்கு அஞ்சுகிறது. செருப்பைக் கவ்வ வேண்டுமென்றால் அலகின் நுனி வளைந்திருக்க வேண்டும் அல்லவா? உருவம் இப்படித் தானாக வரும்.

படி 4: நிழலாக்குங்கள்

கட்டைவிரல் அளவில் பத்து உருவங்கள் வரைந்து, உள்ளே முழுக்க மார்க்கரால் நிரப்புங்கள். வெறும் கறுப்புத் திட்டு. கைப்பேசி விளையாட்டில் உங்கள் விலங்கு அவ்வளவு பெரிதாகத்தான் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் காட்டி, "இது என்ன செய்கிறது?" என்று கேளுங்கள். பதில் வராததை ஒதுக்கிவிடுங்கள். என் அம்மா எங்கள் பத்தில் எட்டைப் பார்த்து "வாத்து" என்றார்.

படி 5: எலும்பும் ஒட்டும்

இங்கேதான் நேரம் செலவழியுங்கள். மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் மன்னிப்பு உண்டு, இதில் இல்லை.

நாயின் பின்னங்காலில் பின்னோக்கி மடங்கும் இடத்தைப் புதியவர்கள் முழங்கால் என்று நினைக்கிறார்கள். அது குதிகால். முழங்கால் அதற்கும் மேலே, வயிற்றோரம், முன்னோக்கி இருக்கிறது. நாயும் பூனையும் விரல் நுனியில் நடக்கின்றன. நீங்களே எழுந்து, குதிகாலைத் தூக்கி முழங்காலை மடக்கி நின்று பாருங்கள். எத்தனை புத்தகம் படித்தாலும் விளங்காதது அரை நிமிடத்தில் விளங்கும்.

அடுத்து இறக்கை. பறவைக்கும் வௌவாலுக்கும் இறக்கை என்பது கைதான். நான்கு கால் டிராகனுக்கு முதுகில் இறக்கையும் வைத்தால், உண்மையில் ஆறு உறுப்புகள் வைக்கிறீர்கள். வைக்கலாம், தவறில்லை. ஆனால் இரண்டாவது தோளுக்கு இடம் விட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் இடம் விடாமல் வரைந்த டிராகன் ஒன்று, அசைவுப்படம் செய்பவரிடமிருந்து ஒரே வரியோடு திரும்பி வந்தது: "இது இறக்கையை அடித்தால் கழுத்து முறியும்." முழு உருவத்தையும் மறுபடி வரைந்தேன்.

இனி ஒட்டு. யாளியின் தும்பிக்கை எங்கே தொடங்குகிறது என்று கவனியுங்கள். சிற்பி அதை முகத்தில் செருகி வைக்கவில்லை. புருவத்துக்கு இடையிலேயே நெற்றி மேடு எழும்பி, மூக்காகி, மெல்ல நீண்டு இறங்குகிறது. மறைக்க வேண்டிய இடத்தில் பிடரி, மணிமாலை, கழுத்துப் பட்டை. ஒட்டுவதற்கு உள்ளவை இந்த இரண்டு வழிகளே: ஒன்றை இன்னொன்றாக வளரவிடுவது, அல்லது எல்லையின்மேல் எதையாவது போர்த்துவது. மெர்லயனின் பிடரி இரண்டாவது வகை. நீர்நாய் முகத்தில் இருவாச்சி அலகைப் பொருத்த நாங்கள் இரண்டையும் செய்தோம். மூக்கின் மேல்தோல் அலகாகத் தடிக்கிறது. பக்கங்களில் நீர்நாயின் மீசை முடிகள் ஓரத்தை மறைக்கின்றன.

படி 6: செதிலை அளவோடு

எறும்புண்ணியின் செதில், நம் நகம் எதனால் ஆனதோ அதனாலேயே ஆனது. ஓடு வேய்ந்ததுபோல வால் பக்கம் பார்த்து அடுக்கியிருக்கும். முகத்திலும் வயிற்றிலும் இருக்காது. இதே வழியைப் பின்பற்றுங்கள். முதலில் உடலைச் சுற்றி வளைகோடுகள், பிறகு அவற்றின்மேல் செதில் வரிசை. ஒவ்வொன்றாகத் தொடங்கினால் நடுவில் வரிசை கோணிவிடும். எல்லா இடத்தையும் நிரப்பாதீர்கள். கண்ணுக்கு இளைப்பாற வெற்றிடம் வேண்டும்.

படி 7: அசையவும் உறுமவும்

அனிமேஷன் ஆசை இருந்தால், கிரித்தா என்ற இலவச மென்பொருளில் நொடிக்கு 12 படங்கள் போதும். பெரிய விலங்கு மெதுவாகத் தொடங்கி மெதுவாக நிற்கும். 1954இல் காட்ஜில்லாவைப் படமாக்கியவர்கள் உடைக்குள் ஓர் ஆளை நடக்கவிட்டு, அதிக வேகத்தில் படம்பிடித்தார்கள். அதை வழக்கமான வேகத்தில் ஓட்டியபோது திரையில் அசைவு மந்தமாகி, எடை கூடியது. அதன் உறுமல் எந்த மிருகத்தின் தொண்டையிலிருந்தும் வந்ததில்லை. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே, டபுள் பேஸ் என்ற பெரிய நரம்பிசைக் கருவியின் தளர்த்திய நரம்பைப் பிசின் பூசிய தோல் கையுறையால் தேய்த்து எழுப்பிய ஒலி அது. நாங்கள் கைப்பேசியோடு காலையில் தேக்காவுக்குப் போய், ஒரு கடையின் இரும்புக் கதவு உருண்டு ஏறும் சத்தத்தைப் பதிவுசெய்து, வேகத்தைப் பாதியாகக் குறைத்தோம். கடைக்காரர் எங்களுக்காக இரண்டு முறை ஏற்றி இறக்கினார்.

படி 8: பெயர்

காட்ஜில்லாவின் ஜப்பானியப் பெயரான கொஜிரா, கொரில்லாவும் குஜிராவும் சேர்ந்தது. குஜிரா என்றால் திமிங்கிலம். அதே வித்தையைத் தமிழில் செய்தோம். வாய்க்காலும் ஆளியும் சேர்ந்து வாய்க்காலாளி. அக்காள் மகள் அதை வாய்க்காளி என்று சுருக்கினாள். பூசையறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "காளி பெயரை வைத்து விளையாடாதே." மறுபேச்சின்றி மீண்டும் வாய்க்காலாளி என்றே நீட்டிவிட்டோம்.

முடிந்தது என்று நினைத்தேன். அவள் விடவில்லை. "சித்தி, நீர்நாய் குட்டி போடும், இருவாச்சி முட்டையிடும், இது என்ன செய்யும்?" தாய் எறும்புண்ணி குட்டியை வாலின்மேல் ஏற்றிக்கொண்டு நடக்கும் என்று சொன்னேன். அழிப்பானை எடுத்து வாலில் நான்கு செதில்களை அழித்தாள். அந்த இடத்தில் இப்போது ஒரு குட்டி, வாயில் ஒற்றைச் செருப்போடு.