பாயும் நாய் திரும்பிப் பார்க்கும் நொடி

தெருவின் அந்தக் கோடியில் இன்னொரு நாய் வருகிறது. உங்கள் நாயின் காது விறைக்கிறது, திறந்திருந்த வாய் மூடுகிறது. வழக்கமாக அடுத்த நொடியே கயிறு உங்கள் தோளைப் பிடுங்கும். இன்றைக்கு அது தலையைத் திருப்பி உங்கள் முகத்தைப் பார்க்கிறது. சீறும் நாயோடு மாதக்கணக்கில் உழைப்பவர்களுக்குக் கிடைக்கிற முதல் கூலி இதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் இருந்துகொண்டே இந்த இடத்துக்கு வர முடியும்.

பயிற்சிக்கு முன் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். காதுப் புண், பல்வலி, இடுப்பு மூட்டு வலி இவற்றில் ஏதாவது இருந்தால் எந்தப் பயிற்சியும் ஏறாது. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் நாய்களிடையே ரேபிஸ் இன்னும் இருக்கிறது. தடுப்பூசி சட்டப்படி கட்டாயம். சாதுவாக இருந்த நாய் திடீரென்று ஓரிரு நாளில் குணம் மாறினால் அதைப் பழக்கப் பிரச்சினை என்று நினைக்காதீர்கள். தொடாமல் அடைத்து வைத்து, அரசு கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீரும் விட்டு 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே கிளினிக்குக்குப் போக வேண்டும்.

பாய்கிற நாய்களில் பெரும்பாலானவை பயந்த நாய்கள். ‘கிட்டே வராதே’ என்பதைத்தான் அது உறுமிச் சொல்கிறது. உறுமியதற்காக அடித்தால் பயம் அப்படியே இருக்கும், எச்சரிக்கை மட்டும் போய்விடும்; பிறகு ‘சொல்லாமல் கொள்ளாமல் கடித்துவிட்டது’ என்பார்கள். உறுமலுக்கு முன்னாலும் அது நிறையச் சொல்கிறது. உதட்டை நக்கும், தூக்கமில்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை பிறை போலத் தெரியும், உடம்பு சிலையாகும். கடைசியாகச் சொன்ன அந்த அசைவின்மை வந்துவிட்டால் உடனே தூரம் கொடுங்கள்.

அடுத்தது வேலி. கம்பி வேலிக்குப் பின்னால் நின்று, போகிற வருகிற ஆட்களையெல்லாம் நாள் முழுக்கக் குரைத்து விரட்டும் நாய் ஒவ்வொரு முறையும் ‘குரைத்தேன், போய்விட்டான்’ என்றுதான் கற்றுக்கொள்கிறது. மாலையில் பத்து நிமிடம் நீங்கள் சொல்லித்தருவது அதன் முன் நிற்காது. வேலியின் கீழ்ப்பாதியை, நாயின் தலைக்கு மேல் ஒரு முழம் வரை, ஷேட் நெட் (நிழல் வலை) அல்லது பலகை கொண்டு மறையுங்கள். பழக்கினால் நாய் வீட்டைக் காக்காது என்று பெரியவர்கள் தடுப்பதுண்டு. எல்லோரையும் பார்த்துக் குரைக்கிற நாயின் குரலை வீட்டில் யாரும் எழுந்து கவனிப்பதில்லை. கூப்பிட்டால் நிறுத்துகிற நாய் குரைத்தால்தான் எழுந்து பார்ப்பார்கள்.

பயிற்சிக்கு வேண்டியவை: மார்பைச் சுற்றும் ஹார்னஸ், 3 மீட்டர் சாதாரணக் கயிறு, இடுப்பில் ஒரு பை. சுருண்டு நீளும் கயிறும் இறுக்குச் சங்கிலியும் வேண்டாம். எதிரே நாய் தெரிகிற அதே நேரம் கழுத்து வலித்தால், அந்த வலியை அது எதிரே வருகிற நாயின் கணக்கில்தான் எழுதும். பையில் உப்பு, மசாலா, வெங்காயம் சேராமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவில் 50 துண்டு.

முதல் நாள் மைதானத்தின் ஓரமாகவோ பெரிய கார் நிறுத்தத்தின் ஓரமாகவோ, மற்ற நாய்கள் 40 மீட்டருக்கு அப்பால் போகிற இடத்தில் நில்லுங்கள். உங்கள் நாய் பார்க்க வேண்டும், ஆனால் வெடிக்கக் கூடாது. பார்த்த ஒரு நொடிக்குள் கோழி. அந்த நாய் கண்ணில் இருக்கும் வரை துண்டு துண்டாகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். அது மறைந்ததும் கோழியும் நிற்க வேண்டும். அதிகம் பேர் தவறுவது இங்கேதான்: எதிரே நாயைப் பார்த்த பதற்றத்தில், தன் நாய் பார்க்கும் முன்பே கை பைக்குள் போய்விடும். அப்போது வரிசை புரண்டு, கோழி வந்தாலே ஆபத்து வருகிறது என்று நாய் படித்துக்கொள்ளும். கோழியைக் கண்டாலே சுற்றுமுற்றும் தேடும். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பது நல்ல மருந்து.

தூரம் சரியா என்று உங்கள் விரலே சொல்லும். நிதானமான நாய் உதட்டால் எடுக்கும். பல் விரலை உரசினால் அது தாங்கக்கூடிய எல்லைக்கு அருகில் நிற்கிறீர்கள், ஐந்து மீட்டர் பின்வாங்குங்கள். கோழியை முகர்ந்தும் வாங்காவிட்டால் எல்லை தாண்டியாகிவிட்டது, வீட்டுக்குத் திரும்புங்கள். பத்தில் எட்டு முறை தானாக உங்களைத் திரும்பிப் பார்க்கும் வரை அதே தூரம். பிறகு 2 மீட்டர் மட்டும் நெருங்குங்கள். ஒரு தடவைக்கு 10 நிமிடம், வாரத்தில் நான்கு நாள் போதும்.

திடீரென்று மூலையில் ஒரு நாய் முளைத்தால் தப்பிக்க ஒரு சொல் வேண்டும். ‘வா போலாம்’ என்று உற்சாகமாகச் சொல்லி, அப்படியே திரும்பி நடந்து, மூன்று துண்டு கொடுங்கள். முற்றத்தில் தினம் பத்து முறை, இரண்டு வாரம் செய்தால் தெருவில் கைகொடுக்கும். யாராவது நாயைத் தடவ வந்தால் கூச்சப்படாமல், “அண்ணே, பழக்கிக்கிட்டு இருக்கோம், பார்க்காம நேரா போயிடுங்க” என்று சொல்லிவிடுங்கள்.

கடிக்கும் வாய்ப்புள்ள நாய்க்குக் கூடை வடிவ மசில் (வாய்க்கூடு) அவசியம். உள்ளே வாயை முழுதாகத் திறந்து மூச்சு வாங்க இடம் இருக்க வேண்டும். டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் வாயை இறுக்கும் துணி மசில் ஆபத்து. நாய்க்கு நஞ்சான சைலிட்டால் என்ற இனிப்பூட்டி சேராத வேர்க்கடலை வெண்ணெயை உள்ளே தடவி, நாயே மூக்கை நுழைக்கட்டும். 2 நொடி, 5 நொடி, 20 நொடி என்று கூட்டி, ஒரு வாரத்துக்குப் பிறகே வாரை மாட்டுங்கள். மருத்துவரிடம் போகிற அன்றுதான் முதன்முதலாக மாட்டினால் மசிலையே வெறுத்துவிடும்.

பதற்றம் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறுவது. காலையில் மதில்மேல் குரங்குக் கூட்டம் வந்து நாய் கத்தித் தீர்த்திருந்தால் மாலையில் பயிற்சி வேண்டாம். தீபாவளிப் பட்டாசுக்கும், நவம்பர் 5 அன்று வரும் கை ஃபாக்ஸ் நாள் பட்டாசுக்கும் பிறகு மூன்று நாள் ஓய்வு; முகர்ந்து தேட முற்றத்துப் புல்லில் உணவைத் தூவிவிட்டால் போதும்.

நாய்க்கடி எவ்வளவு கடுமையானது என்று அளக்க, நாய் நடத்தை வல்லுநரான கால்நடை மருத்துவர் இயன் டன்பார் வகுத்த அளவுகோலில் 6 படிகள். பல் தோலில் படாதது முதல் படி, நான்காவதில் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் காயம் ஆழமாக இருக்கும். நான்கையோ அதற்கு மேலையோ எட்டிய நாயை நீங்களாகப் பழக்க முயலாதீர்கள். நடத்தைச் சிகிச்சை தெரிந்த கால்நடை மருத்துவர் வேண்டும். சில நாய்களுக்கு மருந்தும் வேண்டியிருக்கும். மருந்து தருவது தோல்வியில்லை, கற்றுக்கொள்ளும் அளவுக்கு மனம் அடங்க அது உதவுகிறது. குழந்தைகள் இருக்கிற வீட்டில், எவ்வளவு முன்னேறினாலும், நடுவில் ஒரு கதவு இருக்கட்டும்.

முன்னேற்றத்தை ஒரு நோட்டில் குறியுங்கள்: எத்தனை மீட்டரில் நின்றது, வெடித்தால் எத்தனை நொடியில் அடங்கியது. இருபது நிமிடம் மூச்சிரைத்த நாய் ஒரு நிமிடத்தில் உடம்பை உதறிவிட்டுப் புல்லை முகரத் தொடங்கும். வெளியே யாரோ கேட்டைத் தட்டுவார்கள். அது இரண்டு தரம் குரைத்துவிட்டு, எழுந்து உங்கள் முட்டியருகே வந்து நிற்கும். பையில் கோழி இருக்கட்டும்.