சொன்ன பேச்சு கேக்காத புள்ளைங்களுக்கு பேரன்ட் ட்ரெய்னிங்: நான் வீட்ல செஞ்ச விதம்

போன ஜூன்ல எங்க பயலை எல்கேஜி சேர்த்தோம், மூணு வாரம் கூட ஆகல, பக்கத்துல உக்காந்திருந்த புள்ளைய கடிச்சு வச்சுட்டான்னு மிஸ் கூப்பிட்டு விட்டுட்டாங்க. வீட்லயும் அதே கதைதான். மாட்டுத்தாவணில பஸ்ஸுக்கு நிக்கிறப்ப கடையில தொங்குற சிப்ஸ் பாக்கெட் கண்ணுல பட்டா போதும் தரையில உருண்டுருவான், போனை வாங்கி வச்சா அப்பத்தாவை கை நீட்டி அடிப்பான், சோத்து தட்டை தள்ளி விட்ருவான். வைஞ்சு பாத்தாச்சு, முதுகுல ரெண்டு வச்சும் பாத்தாச்சு, கோரிப்பாளையத்துல மந்திரிச்சு கயிறு கட்டியும் பாத்தாச்சு. கடைசியா ஒரு சைக்காலஜிஸ்ட்கிட்ட கூட்டிட்டு போனா அந்தம்மா பயலை கொஞ்ச நேரம் விளையாட விட்டு பாத்துட்டு "ட்ரெய்னிங் உங்களுக்குத்தான்மா, வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்க, முடிஞ்சா மாமியாரும் வரட்டும்"னுட்டாங்க. எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு, வளர்ப்பு சரியில்லன்னு மூஞ்சிக்கு நேரா சொன்ன மாதிரி. அப்புறம்தான் புரிஞ்சுச்சு, அவங்க வாரத்துக்கு ஒரு மணி நேரம் பாக்குறாங்க, மிச்ச நேரம் பூரா புள்ள நம்மகிட்டதான் கெடக்கு, அப்ப கத்துக்க வேண்டியது யாரு?

இப்படி பெத்தவங்களுக்கு குடுக்குற ட்ரெய்னிங்ல பேர் போனது பி.சி.ஐ.டி., அதாவது பேரன்ட் சைல்ட் இன்டராக்‌ஷன் தெரபி. அமெரிக்காவுல ஷீலா ஐபெர்க்குங்கற சைக்காலஜிஸ்ட் 1970கள்ல உருவாக்குனது, 2ல இருந்து 7 வயசு வரைக்கும் உள்ள புள்ளைங்களுக்கு. அங்க அம்மாவும் புள்ளையும் ஒரு ரூம்ல விளையாடுவாங்க, தெரபிஸ்ட் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்னு பாத்துக்கிட்டே அம்மா காதுல இருக்க இயர்போன்ல இப்ப இதைச் சொல்லுங்க இப்ப பேசாம இருங்கன்னு சொல்லிக் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. நமக்கு கண்ணாடி ரூமெல்லாம் வாய்க்கல, அந்தம்மா மூலையில ஸ்டூலைப் போட்டு உக்காந்து கண்ணைக் காட்டுவாங்க, அதுவே போதுமா இருந்துச்சு.

மொதல்ல நம்ம மாட்டிக்கிட்டு இருக்க வலை என்னன்னு தெரியணும். தெப்பக்குளத்துக்கு போறோம், பஞ்சுமிட்டாய் கேக்குறான், வேணாங்கிறோம், அழறான், வையிறோம், உருள்றான், நாலு பேர் பாக்குறாங்களேன்னு வாங்கிக் குடுத்துர்றோம். டக்குன்னு அழுகை நின்னுருது. உருண்டா கிடைக்கும்னு அவனுக்கு ஒரு பாடம், குடுத்தா சத்தம் நிக்கும்னு நமக்கு ஒரு பாடம், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ட்ரெய்னிங் குடுத்துக்கிறோம். ஓரிகான்ல ஜெரால்ட் பேட்டர்சன்னு ஒருத்தர் குடும்பங்களோட வீட்டுக்கே ஆள் அனுப்பி கவனிச்சு இதைத்தான் எழுதி வச்சாரு. நம்ம கத்துறதும் அவனுக்கு ஒரு வருமானம்தான், கவனிப்புங்கற வருமானம். சும்மா கார் ஓட்டிக்கிட்டு இருக்கப்ப யாரும் அவனை திரும்பிப் பாக்குறதில்ல, டம்ளரைத் தூக்கி எறிஞ்சா வீடே ஓடி வருது.

இப்ப செய்ய வேண்டியது. தினமும் 5 நிமிஷம், ஆமா அஞ்சே நிமிஷம், அவன் இஷ்டத்துக்கு விளையாட்டு. போன் வேற ரூம்ல, டிவி ஆஃப். பில்டிங் பிளாக்ஸ், களிமண்ணு, செப்பு சாமான், குட்டி கார் இந்த மாதிரி எடுத்துக்கங்க. பந்து, பேட்டு, துப்பாக்கி வேணாம், சண்டையில முடியும், தாயம் பாம்பு ஏணி மாதிரி தோக்குறது ஜெயிக்கிறது உள்ளதும் இப்பத்திக்கு வேணாம். நான் திருவிழாவுல வாங்கின மரச் செப்பை எடுத்து வச்சேன். அன்னைக்கு அவன் என்ன அட்டூழியம் பண்ணியிருந்தாலும் இந்த 5 நிமிஷத்தை பிடிங்கிறக் கூடாது, அது பரிசு இல்ல, மருந்து.

இந்த நேரத்துல நம்ம வாயைக் கட்டணும், அதான் கஷ்டம். கேள்வி கேக்கக் கூடாது, இதைச் செய் அதைச் செய்னு சொல்லக் கூடாது, குறை சொல்லக் கூடாது. மொத நாள் என்னை எண்ணிப் பாத்தாங்க, அஞ்சு நிமிஷத்துல 23 கேள்வி! இது என்ன கலரு, எங்க போகுது காரு, அம்மாவுக்கு தருவியா, ஏன் இப்படி வச்ச... நமக்கு புள்ளைங்ககிட்ட பேசுறதுன்னாலே பரீட்சை வைக்கிறதுதான் போல. அதுக்குப் பதிலா அவன் செய்றதை கிரிக்கெட் கமெண்டரி மாதிரி சொல்லணும். "செவப்பு காரை வீட்டு வாசல்ல நிறுத்திட்ட." அவன் ஏதாச்சும் சொன்னா அதையே திருப்பிச் சொல்லணும், "லாரி பெட்ரோல் போடுது"ன்னா "ஓ, லாரி பெட்ரோல் போடுது." அவன் செய்றதையே நம்மளும் செய்யணும், அவன் இட்லி அவிச்சா நம்மளும் அவிக்கணும். பி.சி.ஐ.டி.ல ஒரு கணக்கு இருக்கு: அஞ்சு நிமிஷத்துல 10 பாராட்டு, 10 தடவை திருப்பிச் சொல்றது, 10 தடவை கமெண்டரி, கேள்வி கட்டளை குறை மூணும் சேத்து 3க்குள்ள. எனக்கு அந்தக் கணக்கு வர ஆறு வாரம் ஆச்சு, எங்க வீட்டுக்காரர் நாலே வாரத்துல வந்துட்டாரு, அவரு பேசுறதே கம்மி.

பாராட்டுலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. "சமத்து", "குட் பாய்"னா அவனுக்கு எதுக்குன்னே தெரியாது. "செருப்பை ஓரமா விட்ட பாரு, சூப்பர்", "தம்பிக்கு பிளாக்ஸ் குடுத்தியே, நல்லாருந்துச்சு"ன்னு செஞ்ச காரியத்தை பேரு சொல்லி பாராட்டணும். இதுக்கு எங்க வீட்ல பெரிய தடை வந்துச்சு, மாமியாருக்கு புள்ளைய நேருக்கு நேரா புகழ்ந்தா கண்ணு பட்ரும்னு பயம், தலைக்கு ஏறிரும்னு வேற சொல்லுவாங்க. நான் வாதாடல. நீங்க சாயங்காலம் சுத்திப் போட்ருங்கத்தே, பகல்ல பாராட்டிருங்கன்னேன். சரின்னுட்டாங்க. மொளகாயும் உப்பும் கொஞ்சம் கூட செலவாகுது, பரவால்ல.

ஒரு ரெண்டு வாரம் இது ஓடுனதுக்கு அப்புறம் அடுத்தது, கண்டுக்காம விடுறது. சிணுங்குறது, காலை உதைக்கிறது, கெட்ட வார்த்தை சொல்லி நம்ம மூஞ்சியைப் பாக்குறது, இதுக்கெல்லாம் முகத்தைத் திருப்பிக்கணும், பேச்சு கிடையாது, முறைக்கிறதும் கிடையாது, ஏன்னா முறைச்சாலும் கவனிப்புதான். நிறுத்துன அடுத்த நொடி திரும்பிப் பேசிரணும், "அமைதியாயிட்ட, வா செப்பு விளையாடலாம்." அடிக்கிறது, கடிக்கிறது, ரோட்டுல ஓடுறது, அடுப்பு பக்கம் போறது இதையெல்லாம் கண்டுக்காம விடக் கூடாது, உடனே பிடிச்சு நிறுத்தணும்.

இங்க எல்லாரும் கவுந்து விழுற எடம் ஒண்ணு இருக்கு. கண்டுக்காம விட ஆரம்பிச்ச மொத சில நாள் சேட்டை கூடும், குறையாது. வழக்கமா பத்து நிமிஷம் அழுதா கிடைச்சது இப்ப கிடைக்கலன்னா இருபது நிமிஷம் அழுது பாப்பான், இன்னும் சத்தமா. அப்ப மனசு எறங்கி குடுத்துட்டா செத்தோம், இனிமே இருபது நிமிஷம் அழுவணும்னு நம்மளே சொல்லிக் குடுத்த மாதிரி. எங்க வீட்ல மூணாவது நாள் ராத்திரி போனுக்காக முக்கா மணி நேரம் அழுதான், பக்கத்து வீட்டக்கா கதவைத் தட்டி என்னடி புள்ளைய கொல்றியான்னு கேட்டுட்டாங்க. நான் தாக்குப் பிடிச்சேன், ஆனா அப்பத்தா பாவம் பார்த்து அடுப்படிக்குள்ள கூட்டிட்டுப் போய் அவங்க போனைக் குடுத்துட்டாங்க, மூணு நாள் பட்ட பாடு அம்போ. அதனாலதான் சொல்றேன், கூட்டுக் குடும்பமா இருந்தா ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரையும் உக்கார வச்சுப் பேசிருங்க. வைஞ்சா கேக்க மாட்டாங்க, அவங்களுக்கும் ஒரு வேலை குடுக்கணும். சாயங்கால 5 நிமிஷ விளையாட்டை மாமியார்கிட்டயே விட்டுட்டேன், இப்ப பயலை விட அவங்கதான் அந்த நேரத்துக்கு காத்திருக்காங்க.

அப்புறம் நம்ம வேலை சொல்ற விதம். "சாப்பிடுறியா?", "பொம்மையை எடுத்து வைக்கலாமா?"ன்னு கேட்டா அவன் மாட்டேன்னு சொல்றதுல தப்பே இல்ல, நம்மதானே கேட்டோம். "பிளாக்ஸை டப்பாவுல போடு"ன்னு ஒரே வேலையா, சாதாரண குரல்ல, பக்கத்துல போய் சொல்லணும். ஓடாதன்னு சொல்றதுக்குப் பதிலா என் கையைப் பிடிச்சு நடன்னு சொல்லணும். சொல்லிட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும், அந்த அஞ்சு செகண்ட் நம்ம வாயை மூடிக்கிட்டு இருக்கணும். செஞ்சா உடனே பாராட்டு. பூச்சாண்டி வருவான், போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துருவேன், டாக்டர் ஊசி போடுவாரு, இதெல்லாம் அடியோட விட்ருங்க, பின்ன காய்ச்சல்னு ஆஸ்பத்திரிக்கு போறப்ப வாசல்லயே உருளுவான்.

செய்யலன்னா ஒரே ஒரு எச்சரிக்கை, அதுக்கும் கேக்கலன்னா டைம் அவுட். சுவாரசியமே இல்லாத எடத்துல ஒரு சேர், நம்ம கண்ணு பாக்குற தூரத்துல. பி.சி.ஐ.டி.ல 3 நிமிஷம், கடைசி 5 செகண்ட் அமைதியா இருக்கணும், அப்புறம் மொதல்ல சொன்ன வேலையை செஞ்சே ஆகணும், இல்லன்னா வேலைல இருந்து தப்பிக்க அவனே சேரைத் தேடிப் போவான். பாத்ரூம்ல போட்டு பூட்டுறது, இருட்டு ரூம், முட்டி போடச் சொல்றது இதெல்லாம் டைம் அவுட் இல்ல, அது வேற. விளையாட்டு பழகாம நேரா டைம் அவுட்டுக்கு தாவாதீங்க, அதோட இதை மட்டுமாவது தெரிஞ்சவங்க கூட இருந்து சொல்லிக் குடுத்து ஆரம்பிச்சா நல்லது, சேர்ல இருந்து எந்திரிச்சு ஓடுற புள்ளைய எப்படி கையாளணும்னு எழுதிப் புரிய வைக்க முடியாது.

அடி பத்தி ஒரு வார்த்தை. நானும் அடிச்சவதான். அடிச்சா அந்த நிமிஷம் அடங்குறான், ஆனா ஆத்திரம் வந்தா கை ஓங்கலாம்னு கத்துக்கிறான், எங்க பய அப்பத்தாவை அடிச்சது எங்கிட்ட பாத்துத்தான். ஸ்கூல்ல புள்ளைய அடிக்கக் கூடாதுன்னு 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே இருக்கு, வீட்லயும் அதை வச்சுக்கலாம்.

எல்லா சேட்டையும் இதுல சரியாகாது. பேச்சு வராம, காது சரியா கேக்காம, தூக்கம் கெட்டு, கூப்பிட்டா திரும்பிப் பாக்காம இருக்க புள்ளைய அடங்காதவன்னு நினைச்சுட்டு இருப்போம், அதை மொதல்ல டாக்டர்கிட்ட காட்டிருங்க. அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஆர்.பி.எஸ்.கே. டீம்கிட்ட, அதாவது புள்ளைங்களுக்கு செக்கப் பண்ற அரசாங்க டீம்கிட்ட சொன்னா மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் குடுப்பாங்க, காசு கிடையாது. ஏ.டி.எச்.டி.னு, அதாவது கவனம் நிக்காம ஓயாம துறுதுறுன்னு இருக்குற பிரச்சனைன்னு சொல்லிட்டாங்கன்னாலும் பயந்துறாதீங்க, 4, 5 வயசு புள்ளைங்களுக்கு மாத்திரைக்கு முன்னாடி இந்த பேரன்ட் ட்ரெய்னிங்தான் மொதல்லன்னு அமெரிக்க குழந்தை டாக்டர்கள் சங்கத்தோட 2019 வழிகாட்டுதல் சொல்லுது. நமக்கே அழுகை அழுகையா வந்துச்சுன்னா, எனக்கு வந்துச்சு, மனசு கஷ்டத்துக்கு பேசுற அரசாங்க போன் லைன் 14416 டெலி மானஸ் இருக்கு, ராத்திரியிலயும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், ஃப்ரீ.

இப்ப மாட்டுத்தாவணில சிப்ஸ் பாக்கெட்டைப் பாத்தா கேக்கத்தான் செய்றான், வேணாம்னா கொஞ்சம் சிணுங்குறான், பஸ் வந்ததும் ஜன்னல் சீட்டுக்கு ஓடிர்றான். கடிக்கிறது நின்னு நாலு மாசம் ஆச்சு. போன் சண்டை இன்னும் முழுசா ஓயல, அதுக்கு மொதல்ல எங்க வீட்டுக்காரர் போனை கீழ வைக்கணும்.