எஞ்சின் மவுண்டிங் காப்புரிமை: ‘இது வெளிப்படை’ என்ற ஆட்சேபணைக்குப் பதில் எழுதும் முறை

கடலூர், புதுச்சேரி விண்ணப்பங்களுக்குக் கிண்டியிலுள்ள சென்னைக் காப்புரிமை அலுவலகம்தான். மவுண்டிங் (எஞ்சினை வண்டியின் பாடியோடு பிணைக்கும் ரப்பர் தாங்கி) விண்ணப்பம் என்றால், அலுவலகம் அனுப்பும் முதல் ஆய்வறிக்கையில் காப்புரிமைச் சட்டப் பிரிவு 2(1)(ஜேஏ) ஆட்சேபணையை, அதாவது ‘இதில் கண்டுபிடிப்புப் படி இல்லை, துறை அறிந்தவருக்கு வெளிப்படை’ என்பதை, எதிர்பார்த்தே இருங்கள்: டி1-ல் (அறிக்கை காட்டும் முதல் பழைய ஆவணம்) மென்மையான ரப்பரும், எஞ்சின் அதிகம் ஆடாமல் தடுக்கும் ஸ்டாப்பரும் இருக்கிறது, டி2-ல் (இரண்டாவது ஆவணம்) சாய்வு மவுண்ட் இருக்கிறது, சேர்த்தால் உங்களுடையது வந்துவிடும். அறிக்கைத் தேதியிலிருந்து 6 மாதத்துக்குள் பதில் போக வேண்டும்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறை 4 ஸ்ட்ரோக், 3 சிலிண்டர் எஞ்சினுக்கு மவுண்ட் செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். 800 ஆர்.பி.எம். ஐட்லிங்கில் எரிப்பு அதிர்வு 20 ஹெர்ட்ஸ் (800÷60×1.5; ஒரு சுற்றுக்கு 1.5 எரிப்பு). அது பாடிக்கு ஏறாமலிருக்க, மவுண்டில் உட்கார்ந்த எஞ்சினின் இயல் அதிர்வெண் 20÷1.41 (2-ன் வர்க்கமூலம்), அதாவது சுமார் 14 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்க வேண்டும். ரப்பரை மென்மையாக்கினால் இறங்கும். ஆனால் கிளட்ச் விடும்போது எஞ்சின் ஆடி ஸ்டாப்பரில் இடிக்கும். இதெல்லாம் பாடப்புத்தகச் சங்கதி. இயற்கை ரப்பருக்குப் பதில் இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர் போட்டால் சூடு தாங்கும் என்பதும் அப்படியே. இவற்றுக்காக வாதாடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

வாதம் நிற்கும் இடம் வேறு. ஸ்டாப்பருக்கு நாலு பக்கமும் ஒரே இடைவெளி உள்ள டி1-ஐ, டி2 சொல்கிறபடி சாய்த்தால், எஞ்சின் எடை ஒரு பக்கமாக இறங்கி அந்தப் பக்க இடைவெளி அடைபடும். ஐட்லிங்கிலேயே ஸ்டாப்பர் தொட்டு நடுக்கம் பாடிக்குப் போகும். இடைவெளியைப் பொதுவாகக் கூட்டினால் பழைய ஆட்டம் திரும்பும். உங்கள் டிசைன் சாய்வுக் கோணத்துக்கு ஏற்ப இரு பக்கமும் வேறுவேறு இடைவெளி வைத்திருந்தால், அந்த உறவையே முதல் க்ளெய்மில் (எதற்கு உரிமை கோருகிறீர்கள் என்று சொல்லும் பத்தி) எழுதுங்கள். வெறும் பாகப் பட்டியலாக விட்டால், தெரிந்த சாதனங்களின் மறு அடுக்கல் என்று பிரிவு 3(எஃப்)-உம் பாயும்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள்: கோணமும் இடைவெளியும் விண்ணப்பத்தோடு முதலில் தாக்கல் செய்த விவரக்குறிப்பிலேயே இருக்க வேண்டும். பிரிவு 59 புது விஷயத்தைப் பின்னால் நுழைக்க விடாது.

பதிலுக்கு ஆதாரமாகச் செய்யும் சோதனையில் உங்கள் மவுண்டுக்கு எதிரே டி1-ஐ மட்டும் வைத்தால் போதாது. டி1, டி2 இரண்டையும் சேர்த்துச் செய்த மாதிரியும் வேண்டும். எஞ்சின் பக்க பிராக்கெட்டில் ஒன்று, பாடிப் பக்கம் ஒன்று என ஆக்ஸிலரோமீட்டர் (அதிர்வை அளக்கும் கருவி) வைத்து, அதே வண்டி, அதே சுமையில் மூன்று திசையிலும் அளவெடுங்கள். ரப்பரைச் சூட்டில் முதுமையாக்கிய பிறகும் எடுங்கள். நாளாக ஆக ரப்பர் அமுங்கி இடைவெளி குறையும். அதைப் பற்றிக் கேள்வி வரலாம். முடிவுகளைப் பிரமாணப் பத்திரமாகத் தாருங்கள்.

விசாரணை நடந்தால் எழுத்துபூர்வ வாதத்துக்கு 15 நாள். நிராகரித்தால் 3 மாதத்துக்குள் சென்னை உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. புதுச்சேரிக்கும் அதே நீதிமன்றம்தான்.