பழைய எஸ்யூவி: எந்தக் கோளாறு கையைக் கடிக்கும்?

பழைய டீசல் எஸ்யூவி ஒன்றை வாங்க நினைத்து, வண்டியைப் பார்க்கப் போகும் முன் உரிமையாளரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நாங்கள் வரும்வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவது நல்லது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய டீசல் எஞ்சினின் குறைகளில் பாதி, ஆறிய எஞ்சின் பிடிக்கும் அந்த முதல் அரை நிமிடத்தில்தான் தெரியும்.

நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது கரும்புகை வந்தால் காற்று குறைகிறது: ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸில் கிழிசல், திறந்தபடி சிக்கிக்கொண்ட ஈஜிஆர் வால்வு (புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடுவது) என்று மலிவானதிலிருந்து தேடுங்கள். வெண்புகை எஞ்சின் சூடான பிறகும் நிற்காமல், இனிப்பு வாடையோடு வந்தால் ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் எரிகிறது. அது பெரிய செலவு.

ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் ஐடிலில் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக நடுங்கினால் பரவாயில்லை. தூக்கி எறியப்பட்டால் பிஸ்டன் ரிங்கோ சிலிண்டரோ தேய்ந்திருக்கிறது. எஞ்சினை இறக்கிச் செய்யும் வேலை அது. பழைய வண்டியில் அதற்கு ஆகும் செலவு வண்டியின் விலையையே எட்டிப்பிடிக்கலாம். இந்த ஒரு சோதனையில் தோற்றால் மற்றவற்றைப் பார்க்க வேண்டியதே இல்லை.

கூலிங்கில் முதலில் போவது பெரும்பாலும் ரேடியேட்டரின் பிளாஸ்டிக் டேங்க்கும் ரப்பர் ஹோஸும்தான். இரண்டும் சின்னச் செலவு. ஆனால் அந்தக் கசிவோடு ஓட்டி எஞ்சின் ஒருமுறை கொதித்துவிட்டால் எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதற்கு அடியில் கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போகும். இரவு முழுக்க ஆறிய வண்டியில் மேல் ஹோஸை அழுத்திப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் சிலிண்டர் வாயு கூலன்ட்டுக்குள் போகிறது. ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கெட்டை மட்டும் மாற்றி மூடிவிடக் கூடாது. லெவல் பார்த்து, வளைந்திருந்தால் அரைத்து, கிராக் இருக்கிறதா என்று பிரஷர் டெஸ்ட் செய்து, பல எஞ்சின்களில் ஒருமுறைதான் பயன்படும் ஹெட் போல்ட்டுகளையும் புதிதாகப் போட வேண்டும். இதில் எதையாவது மிச்சம் பிடித்தால் அதே வேலையை மறுபடி செய்ய நேரும்.

எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் காமன் ரெயில் இஞ்செக்டர்களை நாலும் ஒன்றாக மாற்றச் சொல்பவரிடம், முதலில் ரிட்டர்ன் அளவை, அதாவது எரியாமல் டேங்க்குக்குத் திரும்பும் டீசலின் அளவைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு இஞ்செக்டரின் ரிட்டர்ன் முனையிலும் ஒரே அளவு ட்ரான்ஸ்பரன்ட் குழாயும் பாட்டிலும் மாட்டி, டேங்க்குக்குத் திரும்பும் குழாயை அடைத்துவிட்டு, நாலைந்து நிமிடம் ஐடிலில் ஓடவிட வேண்டும். மூன்று பாட்டில்கள் ஏறக்குறைய சமமாக இருந்து, ஒன்றில் மட்டும் இரண்டு மடங்கு டீசல் நின்றால் கெட்டது அந்த ஒன்றுதான். பிரஷர் பைப்பை மட்டும் ஓடும்போது யாரும் தொடக் கூடாது; அதற்குள் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல் போகும், பீய்ச்சினால் தோலைத் துளைத்துவிடும். இஞ்செக்டரைச் சுற்றித் தார் மாதிரி கறுப்பாக இறுகியிருந்தால் அடியில் உள்ள காப்பர் வாஷர் கசிகிறது. வாஷர் அற்ப விலை. ஆனால் பல மாதம் விட்டுவிட்டால் இஞ்செக்டர் கார்பனில் பிடித்துக்கொள்ளும். கழற்றும் கூலிதான் பில்லில் பெரிதாக நிற்கும்.

இந்த வகை வண்டியில் கணக்கே இதுதான்: பொருளைவிட, அந்தப் பொருளை எட்டுவதற்கான கூலி பெரிது. கிளட்ச் அதற்கு நல்ல உதாரணம். நாலாவது கியரில் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஃபோர் வீல் டிரைவ் என்றால் இழுவையை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று கூலி கூடும். இறக்கியதும் பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங், கிராங்க் பின் சீல் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். எஞ்சினை அணைக்கும்போது டடக் என்று அடித்தால், எஞ்சின் அதிர்வைத் தணிக்கும் டூயல் மாஸ் ஃப்ளைவீலும் போயிருக்கலாம். கிளட்ச் செட்டைவிட அதன் விலை அதிகம், பேரம் பேசும்போதே கணக்கில் சேருங்கள். டைமிங் பெல்ட்டும் அப்படியே: டென்ஷனர், ஐட்லர், பெல்ட் சுற்றும் வாட்டர் பம்ப் மூன்றும் கூடவே. மாற்றியதற்குப் பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெல்ட் அறுந்தால் பெரும்பாலான டீசலில் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

முன்சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஸ்பிரிங், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மில் உட்கார்ந்திருந்தால் ஜாக்கியை ஆர்முக்கு அடியில் வையுங்கள். சேஸிஸில் வைத்துத் தூக்கினால் ஸ்பிரிங் அழுத்தி, ஆர்ம் முனையில் உள்ள பால் ஜாயிண்ட் என்ற உருண்டை மூட்டின் ஆட்டத்தை மறைத்துவிடும். ஆட்டம் இருந்தால் இன்னொருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள்: நின்றுபோனால் வீல் பேரிங், நிற்கவில்லை என்றால் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் சக்கரத்தை ஸ்டீயரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்ட். இவற்றின் செலவு தாங்கக்கூடியதே, தள்ளிப்போட்டால் டயரும் சேர்ந்து போகும்.

ஃபோர் வீல் டிரைவை மண் தரையில் போட்டுப் பாருங்கள், காய்ந்த தார்ச்சாலையில் வேண்டாம். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் வண்டியில் டயர்கள் வெவ்வேறு தேய்மானத்தில் இருந்தால், முன், பின் சக்கரங்களுக்கு இடையிலுள்ள சென்டர் கப்ளிங் ஓயாமல் உழைத்துச் சூடேறியிருக்கும். அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக வண்டிக்கு அடியில் படுத்து, சேஸிஸ் நெடுக ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், முக்கியமாகப் பின் ஸ்பிரிங் ஷாக்கிள் மாட்டும் இடத்தில். கணீரென்று கேட்க வேண்டும். மந்தமாகக் கேட்கும் இடத்தில் முனையால் குத்துங்கள். புதிதாகக் கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தாலும் தயங்காமல் குத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம்.